நெம்மேலி வீட்டுச் சுவர்

கோவளத்தில் பஸ் ஏறினேன். கண் மங்கிவிட்டது; போர்டை எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். காது மட்டும் இன்னும் துல்லியம். முன் சீட்டுக்காரர் பக்கத்திலிருந்த மேஸ்திரியிடம் சொன்னார்:

"பெயின்ட் ஞாயித்துக்கிழமை வரைக்கும் உதிராம நின்னா போதும்."

பழைய வீடுகளை வாங்கிச் சீர்செய்து விற்பவராம்.

"மூணு தபா அடிச்சாச்சு சார். உப்புத் தண்ணில பூசுன சுவத்துல எப்டி நிக்கும்?"

"அப்பவே சொல்றதுக்கின்னா?"

"லாரித் தண்ணி வாங்கலாம்னு சொன்னேனே. போர் தண்ணி இருக்கசொல்லோ வெட்டிச் செலவு எதுக்குன்னு கேட்டது நீங்கதான்."

நெம்மேலி நெருங்கியது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிற இடம். அந்த வீடு அடுத்த தெருவில்தானாம்.

"சரி வுடு. ஞாயித்துக்கிழமை வூட்ட வாங்க வர்ற வாத்தியாருக்கு சுவரப் பத்தி இன்னா தெரியும்?"

"தெரியாதுன்னுதான் பார்த்துச் சொல்ல ஒரு மேஸ்திரிய கூட்டிகினு வர்றாரு."

"யாரு அது? முன்னாடியே பேசி வச்சிக்கலாம்."

"நான்தான் சார். கோவளத்துல அவரு வூட்டக் கட்னவன் நானு. இது என் வேலைன்னு தெரியாம கூப்டுட்டாரு."

அவர் மேஸ்திரி பக்கம் திரும்பினார்.

"நீ இன்னா சொல்லப்போற?"

"அத வுடுங்க சார். பேத்துட்டு மறுபடி பூசிடலாம். லாரிக்குச் சொல்லட்டா?"