வெதுவெதுப்பான எண்ணெய்

…எண்ணெய்ல போய் கிருமி வளருமாம்மா? நீயே சொல்லு! அரிசியில வண்டு விழும், ரொட்டியில பூசணம் பூக்கும், சரி. கப்பல் இன்ஜினுக்கு ஊத்துற எண்ணெய்ல அதுங்க என்னத்தத் தின்னும்? லேப்ல இருந்து பாட்டிலைத் தூக்கிட்டு வந்துட்ட… கோவிச்சுக்காத, உன்னைச் சொல்லல. அனுப்புனா நீ வரத்தான வேணும். கைப்பிடியப் பிடிச்சு நில்லு, வழுக்கும்.

நாத்தமா? அடிக்குதுதான். அழுகின முட்டை மாதிரி. நான் முதல்ல சமையல்காரனத்தான் சந்தேகப்பட்டேன். பாவம், மூணு நாள் அவன்கூட மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் ஃபில்டரைத் திறந்தா சளி மாதிரி கொழகொழன்னு… ச்சீ! எண்ணெய் வித்தவன் கலப்படம் பண்ணியிருக்கான். வேற என்ன?

இங்க பாரு, நாளைக்கு நான் இறங்கணும். பத்து மாசம்! எம்பையன் குப்புற விழ ஆரம்பிச்சப்ப ஏறினேன், இப்ப வீடெல்லாம் ஓடுறானாம். எனக்குப் பதிலா வர்ற ஆள் கரையில வந்து உக்காந்தாச்சு. நீ மட்டும் கிருமின்னு எழுதிட்டா, மொத்தத்தையும் சுத்தம் பண்ணிட்டுத்தான் இறங்கணும்னு சீஃப் இன்ஜினியர் சொல்லிட்டார்.

தண்ணியா? என் பொறுப்புல தண்ணி எப்படிம்மா வரும்? மத்த கப்பல்ல எண்ணெய் மட்டம் குறையும். இங்க நாலு மாசமா குறையவே இல்ல. ஒரு விரக்கடை ஏறியிருக்கு! சீஃப்பே முதுகுல தட்டிக் குடுத்தார்… என்ன அப்படிப் பாக்குற?

சுத்தம் பண்ற மெஷினா? அந்தா ஓடுதே. தண்ணி இருந்தாலும் பிரிச்சுத் தள்ளிடும். எண்ணெயத் தொண்ணூறு டிகிரி சூடாக்கி உள்ள விடணும்னு புத்தகத்துல எழுதி வெச்சிருக்கான். எழுதினவன் இங்க வந்து ஒரு மணி நேரம் உக்காரட்டும்! அதுக்குப் பக்கத்துலதான் என் நாற்காலி. வெந்துருவேன்ல? அதான் நாப்பதுல வெச்சிருக்கேன். குளிக்கிற பதம். எண்ணெய்க்கும் சுகம், எனக்கும் சுகம்…

சிரிக்கிறியா? சரி, சிரிக்கல. என்ன எழுதுற, காட்டு. ‘நாலு மாதமாகத் தண்ணீர் கலந்துள்ளது. சூடு நாற்பது டிகிரி மட்டுமே. பொறுப்பாளர் சொன்னபடி’… யாரு சொன்னா? நான் என் சிக்கனத்தையில்ல சொல்லிட்டு இருந்தேன்!

கிருமிக்கு அந்தச் சூடுதான் தொட்டிலா? அட… கொஞ்சம் முன்னாடி வந்து சொல்லியிருக்கலாம்ல? சரி, இந்தா, திருகிட்டேன், தொண்ணூறு! எத்தன நாள்ல சரியாகும்? பத்தா? பத்து நாளா! அதுக்குள்ள எம்பையன் என்னைப் பாத்து ‘அங்கிள்’ன்னு கூப்பிடப் போறாம்மா… ம்மா? ஏம்மா, ஏணியேறிட்டியா?