குங்குமம் வெச்ச ஸ்விட்ச்சு

இல்ல சார், பின்னாடி சீட்டு காலியாத்தான் கெடக்கு. தெரியுது. நான் இங்கதான் ஒக்காருவேன். காலைலேர்ந்து காலேஜ் கேட்டுல காஞ்சிக்கிட்டு நின்னது ஒங்களுக்காகத்தான். பேக்க ஏன் இழுத்து மடில வெக்கிறீங்க? தூக்கிட்டு ஓட மாட்டேன். மெட்ராஸ்லேர்ந்து ஸ்விட்ச்சு பாக்க வந்தவருதானே நீங்க? அரியலூர் போயி ரயில் ஏறப் போறீங்கன்னு லேப்ல வேல பாக்குற சத்யா அக்கா சொன்னாங்க. பெரம்பலூர்ல ஏது ரயிலு? எப்புடியும் இந்த பஸ்ஸுக்கு வந்துதான ஆவணும்.

எம் பேரு வெற்றிச்செல்வி. காலேஜ் எலக்ட்ரீசியன் இராமலிங்கம் பொண்ணு. பேரச் சொல்லலயா ஒங்ககிட்ட? குங்குமத்தக் கொட்டி ஸ்விட்ச்சக் கெடுத்த ஆளுன்னு சொல்லிருப்பாங்களே. ஆங், இப்பச் சிரிப்பு வருது பாருங்க. சிரிங்க. ஊரே சிரிச்சி முடிச்சிடுச்சு, நீங்க மட்டுந்தான் பாக்கி.

ஒன்னு கேக்குறேன், நேராச் சொல்லுங்க. இன்னைக்கு அந்த ஸ்விட்ச்ச என்ன பண்ணுனீங்க? கழட்டுனீங்களா? பிரஷ்ஷு போட்டுத் தொடச்சீங்களா? ஊதவாவது ஊதுனீங்களா?

அதான். லேப்டாப்ப மாட்டுனீங்க, புது சாஃப்ட்வேர ஏத்துனீங்க, அணைச்சிப் போட்டீங்க. ஓடிடுச்சு. மேல் மூடில குங்குமம் இன்னும் அப்புடியேதான் ஒட்டிக்கிட்டிருக்காம். குங்குமந்தான் கெடுத்துச்சுன்னா இப்ப எப்புடி சார் ஓடுது?

என்னத்த இருமுறீங்க. தண்ணி குடிங்க.

நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கல. பன்னெண்டாவதோட சரி, இப்ப ஜெராக்ஸ் கடைல நிக்கிறேன். ஸ்விட்ச்சுன்னா லேப்ல இருக்குற கம்ப்யூட்டரு ஒயரெல்லாம் போயிச் சேருற பொட்டின்னே அப்பறந்தான் தெரியும். எங்கம்மா இன்னமும் செவுத்துல இருக்குற ஸ்விட்ச்சுன்னுதான் நெனச்சிக்கிட்டிருக்கு. ஆனா கம்பெனிக்காரன் வெப்சைட்டுல போட்டு வெச்சிருக்கான்ல, எந்தெந்தக் கோளாற சரி பண்ணுனோம்னு? அத எடுத்துப் பாத்தேன். இங்கிலீஷ் அரைகுறை, போனுலயே தமிழ்ல மாத்துனேன். கரண்ட்ட முழுசா நிறுத்திட்டுத் திரும்பக் கொடுத்தால் கடைசி எட்டு வாசல்கள் விழித்தெழாமல் போகலாம், விளக்கு மட்டும் பச்சையாக எரியும்னு வந்துச்சு. வாசலாம்! ஒயரு சொருகுற போர்ட்டத்தான் அப்புடிச் சொல்லுது. படிச்சிட்டுச் சிரிச்சேன். அப்பறம் சிரிப்பு வரல.

ஏன்னா அன்னைக்கு நடந்தது அச்சு அசலா அதேதான். அத சரி பண்ணுன சாஃப்ட்வேரு ஆடி மாசமே வந்துடுச்சு சார். ஆயுத பூஜை எப்ப? பொரட்டாசில. நடுவுல சிஸ்டம் அட்மின் சரத்குமாரு என்ன பண்ணிக்கிட்டிருந்தாரு? சத்யா அக்கா கேட்டுச்சாம், சார் அப்டேட்டு வந்திருக்கு, போடலயான்னு. ஓடுற பொட்டிய எதுக்குடி நோண்டணும்னாராம்.

அந்த லேப் புதுசு. கட்டுனதுலேர்ந்து அந்தப் பொட்டி நின்னதே இல்ல, கரண்டு போனா யூபிஎஸ், அப்பறம் ஜெனரேட்டரு. ஆயுத பூஜைக்குத்தான் மொதத் தடவ நின்னுச்சு. எங்கப்பாவா நிறுத்துனாரு? கரஸ்பாண்டென்ட் சொல்லித்தான். ஜெனரேட்டரு, மோட்டாரு, காலேஜ் பஸ்ஸு, கம்ப்யூட்டரு, எல்லாத்தயும் அணைச்சி, தொடச்சி, சந்தனம் குங்குமம் வெச்சி, ராத்திரிக்கு அப்புடியே விட்டுடணும், ஓயாம ஒழைக்குற மெஷினுக்கு ஒரு நாள் ஓய்வுன்னு மைக்குல வேற சொன்னாரு. எங்கப்பா புதுசா வேட்டி கட்டிக்கிட்டுப் போயி, பொட்டி பொட்டியாப் பொட்டு வெச்சாரு. கைய நீட்டி எல்லாரும் பொரி வாங்குனாங்க, சரத்குமாருந்தான்.

மறுநாள் போட்டாங்க. பச்ச லைட்டு எரிஞ்சிச்சு. சரின்னு பூட்டிட்டுப் போயிட்டாங்க. கடைசி வரிசைல ஒரு கம்ப்யூட்டரயாவது ஆன் பண்ணிப் பாத்தானுவளா? மாட்டானுவ.

அதுக்கு மறுநாள் பரீட்சை. தெரியும்ல, பன்னெண்டாவது முடிச்ச புள்ளைங்கள எடுத்து, வேலையுங் குடுத்து, காலேஜும் படிக்க வெக்கிற கம்பெனி ஸ்கீமு. திருமானூரு, ஜெயங்கொண்டம்னு எங்கெங்கேர்ந்தோ வந்திருந்தாங்க. முன்னாடி வரிசையெல்லாம் கடகடன்னு எழுதுது. அந்தக் கடைசி எட்டு போர்ட்டுல மாட்டியிருக்குற கடைசி வரிசைல வட்டம் சுத்துது. சுத்திக்கிட்டே இருக்கு. ஒரு பொண்ணு கையத் தூக்குனது தூக்குனபடி ஒக்காந்திருந்துச்சு. இரும்மா, வந்துரும்மான்னாங்க. மணி அடிச்சிடுச்சு, அது கைய எறக்கல. திரும்ப வெக்க முடியாதாம். உள்ள வரும்போதே கையெழுத்துப் போட்டுட்டீங்கள்ல, எழுதுனதாத்தான் கணக்காம்.

அப்பத்தான் பொட்டி இருக்குற பீரோவத் தொறக்குறாங்க. செவப்பாக் குங்குமம். பிரின்சிபாலு கத்துறாரு, எவன்டா இதப் போட்டதுன்னு. எங்கப்பா முன்னாடி வந்து நாந்தாங்க சாருன்னாரு. கரஸ்பாண்டென்ட் அங்கயேதான் நிக்கிறாரு சார், வாயத் தொறக்கல. தூளு உள்ள போயிருக்கும்னு சரத்குமாரு சொன்னான். ஆமா, சொன்னான்தான். அவனுக்கு என்னத்துக்கு ‘சொன்னாரு’. அன்னைக்கோட எங்கப்பாவ வராதன்னுட்டாங்க. எங்க தெரு ஆளச் சொன்னா யாரு சார் திருப்பிக் கேக்கப் போறா?

நீங்க டெக்னிக்கல் ஆளு, காலேஜ் விசயத்துல தலையிட முடியாது. இதத்தான சொல்ல வாறீங்க? தலையிட வேணாம். வேல கேட்டு நான் வரல. அந்த வேலை நாசமாப் போவட்டும், வேற எடத்துல ஒயரிங் இல்லாமயா போச்சு?

ஆனா அவரு போவ மாட்டேங்குறாரே. வூட்டுல மிக்ஸி ஒயரு அந்து கெடக்கு, தொட மாட்டேங்குறாரு. வண்டில இருந்த பொட்டு, வூட்டு பீரோவுல இருந்த பொட்டு, எல்லாத்தயும் மண்ணெண்ணெ போட்டுத் தேச்சிட்டாரு. எங்கிட்ட நேராப் பேசறதில்ல. நான் எதுத்தாப்புல ஒக்காந்திருப்பேன், எங்கம்மாவப் பாத்து, அது சாப்புட்டுச்சான்னு கேப்பாரு. போனுல படிச்சதக் காட்டுனேன். அப்ப மட்டும் எம் மொகத்தப் பாத்து, எனக்காகச் சொல்ற தாயின்னுட்டு எந்திரிச்சிப் போயிட்டாரு.

இந்தா, லைம்ஸ்டோன் லாரி நிக்குது பாருங்க, அதத் தாண்டுனா எங்க ஸ்டாப்பு. டிரைவரு டீ குடிக்க எறங்குவாரு, பஸ்ஸு நிக்கும். எக்ஸெல் வண்டில சாஞ்சிக்கிட்டு நிக்கிறாரே, நீல சட்டை, அவருதான். என்னக் கூட்டிட்டுப் போவ வந்திருக்காரு. நீங்க எறங்கக்கூட வேணாம். குங்குமம் இல்ல, சாஃப்ட்வேருன்னு சொல்லுங்க, போதும். நீங்க சொன்னா நம்புவாரு, நான் சொன்னா எப்புடி நம்புவாரு? அந்தக் கடைசி வரிசைல கையத் தூக்கிக்கிட்டு ஒக்காந்திருந்தது நாந்தானே.

கண்ணாடியத் தூக்குங்க சார். டைட்டாத்தான் இருக்கும், ரெண்டு கையாலயும் தூக்குங்க.

ப்பா! இங்க கிட்ட வாப்பா. இந்த சாரு ஒங்கிட்ட என்னமோ சொல்லணுமாம்.