ஏச்சுச் செக்கு

உக்காருங்க சம்பந்தி. கோவிச்சுக்கிட்டுப் போயி வேன்ல ஏறாதீக. உங்க மகளை எங்க வீட்டுக்குக் கட்டிக் குடுத்து முதப் பங்குனிப் பொங்கலுக்கு வந்திருக்கீக. வந்த மனுசன் கையைப் புடிச்சு நாலு பேரு, "வாங்க, மாட்டுக்குப் பதிலா செக்கு இழுங்க"ன்னு கூப்பிட்டா ஆருக்குத்தான் கோவம் வராது? அதுவும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, வெள்ளையும் சொள்ளையுமா வந்திருக்கீக. எனக்குப் புரியுது. இந்தக் கதையக் கேளுங்க. கேட்டுட்டு, ஏறணும்னா ஏறுங்க.

கண்டவுக சொன்னதக் கேட்டவுக சொல்லி, கேட்டவுக சொன்னத எங்க மாமியா சொல்லி, இப்ப நான் சொல்லுதேன். ஒண்ணே ஒண்ணு, உம் கொட்டிக்கிட்டே கேக்கணும். உம் கொட்டலன்னா கதை நின்னு போகும்.

உம்... அப்படித்தான்.

ரொம்ப முந்தி, இந்த வேலாங்குளத்துக்கு மண்ணெண்ணெயே வராத காலம். சாமி விளக்குக்கும் நல்லெண்ணெய், சட்டிக்கும் நல்லெண்ணெய், தலைக்கும் நல்லெண்ணெய். ஊருக்கு ஒரே செக்கு. அந்தா, வேப்ப மரத்தடியில குழிஞ்சு கிடக்குல்லா ஒரு கல்லு, அதே செக்குத்தான். அதுக்கு முதலாளி ஆவுடையப்பன். ஆளு கெட்டவன் இல்லையாம், ஆனா கருமின்னா அப்படி ஒரு கருமியாம். தலையில முடி கூட செலவாகிப்போச்சேன்னு வருத்தப்படுவானாம்.

அவன்கிட்ட செக்கு ஓட்டுன பொம்பளதான் எங்க வம்சத்து ஆத்தா, வெயிலுகந்தா. வெயிலு, வெயிலுன்னு கூப்பிடுவாகளாம். புருசன் செத்துட்டான், ஒரே மகன். பிறந்ததும் வேலாங்குளம், வாக்கப்பட்டதும் வேலாங்குளம். இந்த ஊர விட்டா அவளுக்கு வேற ஊரு கிடையாது. இத மனசுல வச்சுக்கோங்க.

செக்குல பூட்டுறது ஒரு செவலைக் காளை. மாட்டுக்குக் கண்ணத் துணியால கட்டிருவாக, தலை சுத்தாம இருக்க. அது சுத்தச் சுத்த, வெயிலு பலகையில உக்காந்து எள்ளத் தள்ளிவிட்டுக்கிட்டே பாடுவாளாம். செக்கு போடுற கிரீச்சு கிரீச்சுல என்ன பாடுதான்னு ஒருத்தருக்கும் விளங்காது. ஆவுடையப்பன் வாரவுக போறவுக கிட்டயெல்லாம் சொல்லுவானாம், "எங்க செக்குல சாமி பாட்டுப் பாடித்தான் எண்ணெய் ஆட்டுறோம். அதான் இந்த மணம்!"

சாமி பாட்டாம் சாமி பாட்டு! உம் கொட்டுங்க சம்பந்தி, சிரிப்பு பொறகு வரும்.

ஒரு பங்குனி மாசம். அம்மன் பொங்கலுக்கு எண்ணெய் வேணும், எண்ணெய் வேணும்னு ஊரே எள்ளு மூட்டையோட வந்து நிக்கி. ஆவுடையப்பன் சொன்னானாம், "ஏளா வெயிலு, நாளைக்கு அமாவாசைன்னாலும் செக்கு ஓடணும்."

"அமாவாசைக்கு மாடு பூட்டுறது ஆகாது மொதலாளி. மாசம் பூராம் கண்ணக் கட்டிக்கிட்டுச் சுத்துது. ஒரு நாளு கண்ணத் தொறந்து உலகத்தப் பாக்கட்டும்."

"மாட்டுக்கு என்னளா அமாவாசை? அது விரதமா இருக்கு?"

"உம்ம தொழுவுல அதுக்கு வருசம் பூராம் விரதந்தான மொதலாளி!"

வந்துச்சே கோவம் அவனுக்கு. "வாய் நீளுது ஒனக்கு. இஷ்டம் இல்லன்னா போயிரு!"

"போயிருதேன்."

மாட்டுக் கண்ணுல கட்டுற துணிய அவன் கையில வச்சா. முந்தானைய உதறிச் சொருகினா. செவலைய ஒரு தடவு தடவிட்டு விறுவிறுன்னு வந்துட்டாளாம்.

மறுநாளு ஆவுடையப்பன் தானே மாட்டப் பூட்டுனான். நடக்கல. ஹை ஹைன்னான். நடக்கல. வால முறுக்குனான். செவலை சாவகாசமா சாணியப் போட்டுட்டு அப்படியே நின்னுச்சாம். வெளியூருல இருந்து ஒரு ஆளக் கூட்டியாந்தான். அவனும் பருத்திக்கொட்டையக் காட்டிப் பாத்தான். பருத்திக்கொட்டையத் தின்னுச்சு, நடக்கல. ஊரு சனம் எள்ளு மூட்டையில உக்காந்து கேக்குது, "என்ன அண்ணாச்சி, உங்க மாட்ட உங்களுக்கே ஓட்டத் தெரியாதா?"

அந்த வெக்கம் இருக்கே சம்பந்தி, அது பொல்லாதது. 'எனக்கு ஓட்டத் தெரியல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோகும். வாய் வரல. அதுக்குப் பதிலா என்ன வந்துச்சு? "அந்த வெயிலு மாட்டுக்குச் செய்வினை வச்சுட்டுப் போயிட்டா!"

காலையில செய்வினைன்னான். மத்தியானம், "செக்கடியில எலுமிச்சம்பழம் புதைச்சிருக்கா"ன்னான். பொழுதடைய, "சுடுகாட்டுல இருந்து வந்தத நானே கண்ணால பாத்தேன்"ன்னான். செவலைதான் ஒரு அடி நகரல. பொய்யி நாலு காலுல ஓடிச்சாம்.

பாவம், வெயிலு என்ன பண்ணுவா? கிணத்தடிக்குப் போனா கூட நிக்கிற பொம்பளைக விலகிப் போறாக. களை எடுக்கப் போனா, "இன்னைக்கு ஆளு வேண்டாம் தாயி"ங்காக. அவ மகன் கூட விளையாடுன பிள்ளைகளத் தாய்மாரு வந்து இழுத்துட்டுப் போறாக. தப்புச் செஞ்சுட்டுத் தலை குனியிறது வேற. செய்யாத தப்புக்கு ஊரே மூஞ்சியத் திருப்புனா வயிறு எரியுமா எரியாதா? வீட்டுக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதாளாம். நல்லா, வாய்விட்டு அழுதாளாம்.

அழுதுக்கிட்டே இருந்தவளுக்கு நடுவுல ஒரு சிரிப்பு வந்துச்சாம்.

ஏன்னா மாடு ஏன் நிக்கின்னு அவளுக்குத் தெரியும்!

இப்பச் சொல்லுதேன். அவ பாடுனது சாமி பாட்டே இல்ல. கருப்பட்டி போட்டு ஆட்டுனாத்தான் நல்லெண்ணெய் நல்லா வரும். அந்தக் கருப்பட்டியத் தர ஆவுடையப்பன் மூக்கால அழுவானாம். அந்தக் கடுப்புல, முதலாளி மேலயே ஒரு ஏச்சுப் பாட்டுக் கட்டி, அதப் பாடிப் பாடித்தான் செவலையப் பழக்கியிருக்கா. கண்ணு கட்டுன மாட்டுக்குக் காது தான எல்லாம்? அந்தப் பாட்டு கேட்டா நடக்கணும், நின்னா நிக்கணும், அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். ஒருக்க இவளுக்குத் தொண்டை கட்டினப்ப மகன் பாடியே ஓட்டியிருக்கான். குரல் ஆரு குரலா இருந்தா என்ன, பாட்டு அந்தப் பாட்டா இருக்கணும்.

இத வெளிய சொன்னா, முதலாளிய இத்தன வருசம் ஏசியிருக்கான்னு ஆகும். சொல்லாட்டி சூனியக்காரின்னு ஆகும். எப்படி இருக்கு பாருங்க அவ பாடு!

நாட்டாமை ஆளு விட்டாராம். "வெள்ளிக்கிழமை காலைல செக்கடிக்கு வா. அம்மனுக்கு முத விளக்கு எண்ணெய் அந்தச் செக்குல ஆடித்தான் ஆகணும். மாடு நடக்கலன்னா நீ மகனக் கூட்டிக்கிட்டு ஊர விட்டுப் போயிரணும்."

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. ஊரே கூடியிருக்கு. வெயிலு தலைக்குக் குளிச்சு, உள்ளதுலயே நல்ல சேலையக் கட்டிக்கிட்டு வந்தாளாம். செவலை அவ வாசம் புடிச்சு "ம்மா"ன்னுச்சாம்.

"பாத்தீகளா, பாத்தீகளா! மாடு அவளக் கண்டதும் எப்படி அலறுது!"ன்னு குதிக்கான் ஆவுடையப்பன்.

நாட்டாமை கேட்டாராம், "என்ன தாயி, மாட்ட நடத்துதியா?"

"நடத்த மாட்டேன் அய்யா."

சனம் பூராம் கசமுசாங்குது.

"நான் நடத்துனா, 'வச்சவளே எடுத்துட்டா'ன்னு சொல்லுவாக. சொல்லுவீகளா மாட்டீகளா? அதனால நான் மாட்டுப் பக்கமே வரல. இந்த வேப்ப மரத்தடியிலயே நிக்கேன். மொதலாளியே நடத்தட்டும். நான் செக்குல பாடுற பாட்ட அவரு வாயால பாடுனா செவலை நடக்கும். நடக்கலன்னா, நீங்க சொல்ல வேண்டாம், நானே போயிருதேன்."

ஆவுடையப்பனுக்கு ஒரே சந்தோசம். "சாமி பாட்டுத்தான? பூ, இம்புட்டுத்தானா?" தொண்டையச் செருமி, மாரியாத்தா மேல ஒரு பாட்ட எடுத்து விட்டானாம். செவலை ஒரு காத மட்டும் அசைச்சு ஈ ஓட்டுச்சு.

"அந்தப் பாட்டு இல்ல மொதலாளி. கிட்ட வாரும், சொல்லுதேன்."

மரத்தடிக்குப் போனான். வெயிலு காதுல சொன்னா. அவன் மூஞ்சி மிளகாப்பழமாச் செவந்துச்சாம்.

"அய்யா, இத நான் பாட மாட்டேன்!"

"ஏன்?"

"இது... இது சாமி பாட்டு இல்ல!"

"எந்தப் பாட்டா இருந்தா என்ன? அம்மனுக்கு எண்ணெய் வேணும். பழி போட்டவன் நீதான, பாடு!"ன்னுட்டாரு நாட்டாமை.

வேற வழியில்ல. பலகையில உக்காந்தான். முனங்குனான்:

"சுத்து செவல சுத்து..."

செவலை ரெண்டு காதையும் விடைச்சுதாம்.

"ஒறக்கப் பாடுய்யா, மாட்டுக்குக் கேக்க வேண்டாமா!"ன்னு சனம் கத்துது. கண்ண இறுக்க மூடிக்கிட்டு எடுத்து விட்டான் பாருங்க:

"சுத்து செவல சுத்து - இது
சொட்டத் தலையன் சொத்து!
எச்சக் கையால காக்கா வெரட்டான்
எறும்பு இழுத்த எள்ளப் புடுங்குவான்
கருப்பட்டி கேட்டாக் கதை சொல்லுவான்
கஞ்சி கேட்டாக் கண்ண மூடுவான்
சுத்து செவல சுத்து - இது
சொட்டத் தலையன் சொத்து!"

நடந்துச்சு சம்பந்தி, நடந்துச்சு! செவலை கழுத்த ஆட்டிக்கிட்டு, சலங்கை குலுங்க, ஜம்முன்னு நடந்துச்சு. செக்கு கிரீச்சுன்னுச்சு. சனத்துக்குச் சிரிக்கலாமா கூடாதான்னு தெரியல, வாயப் பொத்திக்கிட்டு நிக்கி. மொதச் சிரிப்பு ஆரு சிரிச்சதுங்கீக? ஆவுடையப்பன் பொண்டாட்டி பிச்சம்மா! "அம்புட்டும் நெசம்! எறும்பு கிட்டப் புடுங்குனத நானே பாத்திருக்கேன்!"ன்னு வயித்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாளாம். அப்புறம் ஊரே சிரிச்சுது. நாட்டாமை மீசைக்குள்ள சிரிச்சாராம்.

அவன் பாட்ட நிறுத்துனான். மாடு நின்னுச்சு. பாடுனான், நடந்துச்சு. போட்ட எள்ளப் பாதியில விட முடியுமா? எண்ணெய் இறங்குற மட்டும் பாடியாகணுமே! திரும்பத் திரும்பத் தன்னையே ஏசிக்கிட்டுப் பாடுதான். சனம் கையத் தட்டி, "சொட்டத் தலையன் சொத்து"ன்னு கூடவே எடுக்கு. பாடப் பாட அவன் மூஞ்சியில செவப்பு இறங்கிச்சாம். கடைசியில அவனுக்கே சிரிப்பு வந்துட்டுதாம். சிரிச்சாலும் கண்ணுல தண்ணி. எண்ணெய் திரண்டு நிக்கிற நேரம், பாட்டுல இல்லாத ரெண்டு அடிய, ஆரும் சொல்லிக் குடுக்காம, அவனே கட்டிப் பாடுனானாம்:

"வெயிலு மேல வீண்பழி போட்டேன்
வெக்கத்த மறைக்கப் பொய்யச் சொன்னேன்!"

அப்பத்தான் வெயிலு மரத்தடிய விட்டு நகந்தாளாம். கிட்ட வந்து, செவலைக்குக் கண்ணுக்கட்ட அவுத்து விட்டா. மாட்டுக்கு வெளிச்சம் கூசுதாம், அவளுக்குக் கண்ணு கலங்கிப்போச்சாம்.

"நாளைக்கு வேலைக்கு வந்துரு தாயி"ன்னானாம் ஆவுடையப்பன்.

"வாரேன். ஆனா அமாவாசைக்கு வர மாட்டேன், செவலையும் வராது. கருப்பட்டியக் கேக்காமயே தரணும்."

"தாரேன். பாட்ட மாத்திருவியா?"

"மாத்துனா மாடு நடக்காதே மொதலாளி!"

அன்னையில இருந்துதான் இது வழக்கமாச்சு. இந்த ஊருல இன்னைக்கும் அமாவாசைக்கு மாடு பூட்ட மாட்டாக. பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, ஆளு வச்சு வேலை வாங்குறவுக எல்லாம் இந்தக் கல்லுல வந்து, செவலை இழுத்த இடத்துல நின்னு செக்க இழுக்கணும். அவுககிட்ட வேலை பாக்குறவுக மனசுல உள்ளத எல்லாம் பாட்டாக் கட்டி ஏசணும். ஆரும் கோவிச்சுக்கிடக் கூடாது. அதனாலதான் இதுக்கு ஏச்சுச் செக்குன்னு பேரு. இங்க வந்து ஏச்சு வாங்குன முதலாளி வீட்டுல வேலைக்கு ஆளில்லாமப் போனது கிடையாதுன்னு சொல்லுவாக. காலைல பஞ்சாயத்துத் தலைவரு இழுத்தாரு. மில்லுக்காரரு இழுத்தாரு. எங்க வீட்டுக்காரரு இழுத்தாரு, அவருக்குப் பாடுனது நானு. தொண்டையே கட்டிப்போச்சு, கேக்குதுல்லா?

என்ன, "எனக்குப் பாட இங்க ஆளு இல்லையே"ங்கீகளா?

ஐயோ சம்பந்தி! அந்தா வருது பாருங்க இன்னொரு வேனு. உங்க தீப்பெட்டி ஆபீஸ் பிள்ளைக தான். உங்க மக தான் வரச்சொன்னா. எங்க வீட்டுக்கு வந்து இன்னும் சித்திரை கூடப் பாக்கல, அதுக்குள்ள ஊரு வழக்கத்தப் படிச்சுக்கிட்டா! கடைசியா இறங்குறாளே, நீலத் தாவணி, அது ஆருன்னு தெரியுதா? சந்தனமாரி. கூலித் தகராறுல உங்க வேலைய விட்டு நின்ன பிள்ள. அவ போன பொறகு தீக்குச்சி மருந்து நமத்துப்போச்சு, அவதான் தண்ணிய ஊத்திட்டுப் போயிட்டான்னு ஊரெல்லாம் சொன்னீகளாமே? இப்ப ஒரு ஆபீஸ்லயும் அவளச் சேக்க மாட்டேங்காகளாம். உங்க ஆபீஸ் கூரை எந்த மூலையில ஒழுகுதுன்னு உங்க மகளே எங்கிட்டச் சொன்னா சம்பந்தி.

ம்ஹும், தலையக் குனியாதீக. குனிஞ்சா சொட்டை இன்னும் நல்லாத் தெரியுது.

எந்திரிங்க. துண்ட இடுப்புல கட்டிக்கோங்க. பாட்ட அவுக பாடிக்கிடுவாக, நீங்க இழுத்தாப் போதும். ஆவுடையப்பன் கட்டுன கடைசி ரெண்டு அடிய மட்டும் இழுக்கிறவுகதான் பாடணும். வெயிலு பேரு வாற இடத்துல அந்தப் பிள்ள பேரப் போட்டு, அவளுக்குக் கேக்குற மாதிரி ஒறக்கப் பாடுங்க.