வைக்கோல் கிழவி

மோராக்: இடப்பக்கமா கிண்டாதய்யா... சூரியன் போற பக்கமா கிண்டு. எத்தனை வருஷமாச் சொல்றேன்.

லாக்லன்: படுத்த படுக்கையிலயும் இவளுக்குக் கண்ணு அடுப்பு மேலதான்.

மோராக்: கட்டினவன் கஞ்சியக் கட்டி கட்டியா ஆக்கினா... உப்பு?

லாக்லன்: போட்டாச்சு, போட்டாச்சு.

மோராக்: இன்னொரு பிடி ஓட்ஸ் மாவு போடு. ரூரியக் கூப்பிடு. அறுப்பு முடிஞ்சா பக்கத்து வயக்காரன் நம்ம வீட்டுல ஒரு வாய் குடிக்கணும்ல.

லாக்லன்: ஏன், அவன் வீட்டுல அடுப்பு இல்லியா?

மோராக்: சின்ன வயசுக் கூட்டாளிய இப்படியா...

லாக்லன்: அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது.

மோராக்: ஏன்யா?

லாக்லன்: ஒண்ணுமில்ல... பேசாம படு. இருமல் வரும்.

மோராக்: சரி... இந்த வருஷம் ஊருல கடைசியா அறுத்து முடிச்சது யாரு?

லாக்லன்: ...ரூரிதான்.

மோராக்: அப்ப வைக்கோல் கிழவி அவன் வீட்டுலயா இருக்கா?

லாக்லன்: ஆமா.

மோராக்: ஐயோ பாவம். அவ குளிர்காலம் பூரா தங்குற வீட்டுல ஒரு உசிரு போகும்பாங்களே.

லாக்லன்: கிழவியாம் கிழவி... ஓட்ஸ் தாள்ல கட்டின வெறும் பொம்மை.

மோராக்: வெறும் பொம்மைய ஏன்யா நம்ம கொட்டகையில சாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சே?

லாக்லன்: ...உனக்கு எப்படி...

மோராக்: ஜன்னல் எதுக்கு இருக்கு.

லாக்லன்: உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மோராக்... உன்னைப் பாக்குறதுலயே நாள் போயிருச்சு. ஊரே அறுத்து முடிச்சப்ப நம்ம வயல் மட்டும் நின்னுச்சு. அறுத்து முடிச்சவன் முடிக்காதவன் வயல்ல கிழவியத் தள்ளிவிடுறது வழக்கம்தான், அதுக்காக நம்ம வீட்டுக்கா? நான் உன் மருந்துக்குப் படகேறிப் போன நேரம் பாத்து, கிழவிய நம்ம வயல்ல வீசிட்டுப் போயிருக்கான், பாவி. கிளாஸ்கோ டாக்டரே கைய விரிச்ச வீடுன்னு அவனுக்குத் தெரியாதா?

மோராக்: திட்டாதே அவனை.

லாக்லன்: திட்டுறதா? அடிச்சேன். சட்டையப் பிடிச்சு ரெண்டு அறை விட்டேன்.

மோராக்: ஐயோ... திருப்பி அடிச்சானா?

லாக்லன்: இல்ல. தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னான். ஒரு வார்த்தை பேசல.

மோராக்: பேசமாட்டான். எனக்கு வாக்குக் குடுத்திருக்கான்.

லாக்லன்: உனக்கா... என்ன வாக்கு?

மோராக்: நீ படகேறிப் போன அன்னிக்கு, கிழவியக் கையில வச்சுக்கிட்டு இந்த ஜன்னல்கிட்ட நின்னு அழுதான்யா. உங்க வயல்ல போட மனசு வரல, நானே வச்சுக்கிறேன்னான். நாலு பச்சைப்புள்ளைங்க இருக்குற வீட்டுக்கு அவ எதுக்குடா, நான் எப்படியும் போறவ, எங்க வயல்லயே போட்டுரு, லாக்லன்கிட்ட மூச்சு விடாதேன்னு நான்தான் சொன்னேன்... போய்யா. கஞ்சி ஆறுறதுக்குள்ள அவனைக் கூட்டிட்டு வா.