வெள்ளிக்கிழமை விருந்துல வாசிக்கிற பேரு

வரிசையாவே சொல்லிடறேன் தம்பி, அநியாயத்தை முன்னே பின்னே மாத்திச் சொன்னா மரியாதை இல்லை. முதலாவது, நான் இதே காலேஜுக்கு விளையாட வந்தப்ப. எங்க ஊர்ப் பள்ளிக்கூட ஃபுட்பால் டீமுல நான்தான் குவாட்டர்பேக், பந்தை எறியறவன். நான் எறிஞ்சா பந்து போய் ஓடறவன் கையில உட்காரும். இங்க வந்த அன்னிக்கே, ஹோரஸ், உனக்குக் கால் நல்லா இருக்கு, நீ ஓடிப்போய்ப் பந்தைப் பிடின்னுட்டாங்க. குவாட்டர்பேக்னா டீமுக்கு மூளை. கறுப்பனுக்கு மூளை எதுக்குன்னு வாய்விட்டுச் சொல்லமாட்டாங்க, காலைப் புகழ்வாங்க.

ரெண்டாவது, நான் கோச் ஆனப்ப. ஓடற பசங்களைப் பாத்துக்கோன்னாங்க, எறியற பசங்க பக்கமே விடலை. மூணாவது, ஒருவழியா குவாட்டர்பேக் கோச் ஆனேன். நான் பழக்கின பையன் கோப்பையைத் தூக்கினான். டிவியில பெரிய கோச் நின்னு அழுதாரு, என்னைப் பெஞ்சுக்குப் பின்னாடி தள்ளிட்டாங்க. நாலாவது, அதே பெரிய கோச் தோத்தாரு, அவரோட சேர்த்து எங்களையும் துரத்தினாங்க. அவரு ஏரிக்கரை வீட்டுக்குப் போனாரு, நான் அட்டைப்பெட்டியோட அடுத்த மாநிலத்துக்குப் போனேன். சுத்திச் சுத்தி இப்ப மறுபடி இங்கேயே குவாட்டர்பேக் கோச்சா வந்து நிக்கறேன். இப்பவும் என் பொண்டாட்டி வெர்னெல் அட்டைப்பெட்டிங்களை மடிச்சுக் கட்டிலுக்கு அடியிலதான் வச்சிருக்கா.

சும்மா இருந்தேன்னு நினைக்காதீங்க. உதவி கோச்சுங்களுக்கு ஒரு சங்கம் வேணும்னு நோட்டீஸ் அடிச்சு, ஒவ்வொரு கார் கண்ணாடியிலயும் செருகினேன். கூட்டத்துக்கு வந்தது நானும் வாட்ச்மேனும். அவரும் கதவைப் பூட்ட வந்தவரு! சிரிங்க சிரிங்க, நானே சிரிச்சேன். ஆனா நோட்டீஸ்ல இருந்த ஒரு வரியைக் கூட இன்னிக்கு வரைக்கும் எவனும் பொய்னு சொன்னதில்லை.

மீன் ஆறுது பாருங்க. கெளுத்தியைச் சூடாத் தின்னணும், சோள ரொட்டியைக் கூட வச்சுக்கிட்டு. அட, வெக்கப்படாதீங்க, ஆடற பசங்களுக்கு ஹெல்மெட் விக்க வந்தவருக்குன்னு அளந்தா வறுக்கறாங்க?

இந்த விருந்தா? ஆட்டத்துக்கு முந்தின சாயங்காலம் எப்பவும் உண்டு. அப்பா அம்மா, பாஸ்டர், பழைய ஆட்டக்காரங்க எல்லாம் வருவாங்க. சாப்பிட்டு முடிக்கிற நேரத்துல குவாட்டர்பேக் கோச் எந்திரிச்சு, துவைச்ச ஜெர்ஸி ஒண்ணை விரிச்சு, முதுகுல தைச்சிருக்கிற பேரை வாசிப்பான். வாசிச்சா வாசிச்சதுதான். நாளைக்கு அவன்தான் இறங்குவான். முன்னாடி ஒரு பெரிய கோச் ராவோட ராவா ஆளை மாத்திப் பாத்தாரு. மறுநாள் பாதி ஸ்டேடியம் எந்திரிச்சு வீட்டுக்குப் போயிடுச்சு. கிறிஸ்துமஸ் வர்றதுக்குள்ள அவரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அதோ, மேல் மேசையில சிரிக்கிறாரே, அவருதான் இப்போதைய பெரிய கோச், பர்டெட். பக்கத்துல சட்டைக் காலர்ல துண்டு செருகியிருக்கிற கிழவருதான் ஸ்டேடியத்துல புது கேலரி கட்டிக் குடுத்தவரு. அவரு பேரன் விட்லாக் பேரை வாசின்னு எனக்குக் காலையில உத்தரவு. விட்லாக் தங்கமான பையன், குறையே சொல்லமாட்டேன். நாலு பேரு துரத்தி வந்தா கண்ணை மூடிக்குவான், அவ்வளவுதான். இன்னொருத்தன் ஸ்பைவி. இவன் துரத்தறவனைப் பாக்கவே மாட்டான், தூரத்துல எவன் காலியா நிக்கறான்னு பாப்பான். இன்னிக்கு இவன் பேரு வரலைன்னா, திங்கக்கிழமையே ஓடிப் பிடிக்க அனுப்பிடுவாரு பர்டெட். கால் நல்லா இருக்காம்.

என்ன, இருமறீங்க? தண்ணி குடிங்க. முள்ளு சிக்கலையே?

நல்ல ஆளு தம்பி நீங்க, அதனால சொல்றேன். மக்னோலியாத் தெரு வீட்டைப் பாத்தீங்களே, மழை பெஞ்சா அங்க அடுப்பங்கரை ஒழுகும். வீடு காட்டினாளே தரகர், அவ வெர்னெலோட தங்கச்சி. ஹெல்மெட் விக்கறவரு வீட்டம்மா எதுக்குங்க பள்ளிக்கூடத்துல சீட்டு விசாரிக்கணும்? நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் என் நாற்காலி உங்களுக்கு. கோவமெல்லாம் இல்லை, அந்த நாற்காலிக்கு முதுகு சரியில்லை, ஒரு தலையணை வச்சுக்கோங்க. பர்டெட் ஒரே ஒரு தப்புதான் பண்ணிட்டாரு. ஆட்டத்துக்கு முன்னாடி துரத்தினா பசங்க மனசு கெட்டுடும்னு என்னை நாளைக்குத் துரத்தலாம்னு வச்சுக்கிட்டாரு. அப்ப இந்த விருந்துல கோச் யாரு? நான்தானே!

பை உங்க காலுக்கிட்ட இருக்கு, எடுங்க. ஆமா, அதேதான். ஜெர்ஸியை மடிப்புக் கலையாம குடுங்க. பர்டெட் இன்னும் சிரிச்சுக்கிட்டேதான் இருக்காரு, பாருங்க. நீங்களும் எந்திரிச்சு நில்லுங்க தம்பி, சாட்சிக்கு வேணும். திங்கக்கிழமையிலேர்ந்து அவனை நீங்கதான் பாத்துக்கணும்.

அம்மாமாரே, ஐயாமாரே, பாஸ்டர், பசங்களா, கொஞ்சம் கரண்டியைக் கீழ வைங்க. பின்னாடி நிக்கறவங்களுக்குத் தெரியுதா? இன்னும் தூக்கிப் பிடிக்கட்டுமா? நாளைக்கு நம்ம குவாட்டர்பேக்: ஸ்பைவி. எலைஜா ஸ்பைவி.