மீட்டர் கூண்டின் சாவியும் சாராள் அவர்களும்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் தொழிலதிபர்களே, முன்வரிசையில் இருக்கும் திரு. ஆசீர்வாதம் அவர்களே, ஷிப்ட் முடிந்து அப்படியே வந்து பின்னால் நிற்கும் தொழிலாளர்களே, வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் ‘கேஸ் மேடம்’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். பாசத்தில் செய்தது என்று புரிகிறது. ஆனால் அவர் பெயர் திருமதி சாராள் ஆசீர்வாதம். பதவி, எரிவாயு நிறுவனத்தில் மூத்த பராமரிப்புப் பொறியாளர். கும்மிடிப்பூண்டியில் நம் தொழிற்பேட்டைக்குள் குழாய் எரிவாயு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தொழிற்சாலையின் மீட்டரும் அவர் பொறுப்பில் இருந்தது. அந்தப் பெயரோடும் பதவியோடும் இந்த இரங்கல் கூட்டத்தில் அவரை வழியனுப்புவோம்.

என் கணவர் காலமான பிறகு, இரும்பு உதிரிபாகங்களை உலையில் பதப்படுத்தும் அவருடைய தொழிற்சாலையை நான் நடத்திவருகிறேன். யாரையும் எளிதில் புகழ மாட்டேன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். உண்மைதான். சாராளைப் புகழ்கிறேன்.

மீட்டர்களை அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார்? மீட்டருக்கு ஊற்றும் எண்ணெய், அளவு காட்டும் கண்ணாடியின் நடுக்கோட்டைத் தாண்டினால் வடித்துவிடுவார். வால்வை ஒரேயடியாகத் திறந்தால் மீட்டருக்குள் சுழலும் பாகம் வீணாகும். அதனால் எவ்வளவு அவசரமானாலும் அவர் கை மெதுவாகத்தான் திருப்பும். சரக்கு ஏற்ற லாரி காத்து நிற்கிறது என்று நான் அவசரப்படுத்தினால், “உங்க லாரிக்கு பிரேக் இருக்கும்மா, நிக்கும்” என்பார்.

இதெல்லாம் கடமை. இதைவிடக் கடினமான ஒன்றையும் செய்தார்.

ஆயுத பூஜையன்று எந்திரங்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டுகிறோம். மீட்டரை மட்டும் விடுவோமா? மீட்டரை ஒட்டி இருக்கும் ரெகுலேட்டரில் ஒரு மூச்சுத் துளை உண்டு. அது திறந்திருந்தால்தான் அழுத்தம் சீராக இருக்கும். ஒரு வருடம் எங்களிடம் அந்தத் துளையில் சந்தனம் அப்பிக் காய்ந்துபோய், மறுநாள் உலையில் தீ ஏறி ஏறி இறங்கியது. சாராள் வந்து பார்த்தார். மீட்டரைச் சுற்றியுள்ள கம்பிக் கூண்டுக்குள் கற்பூரச் சட்டியும் கிடந்தது. வால்வை மூடிவிட்டு எங்கள் ஃபோர்மன் சுப்பிரமணியைக் கூப்பிட்டார்.

சுப்பிரமணி விடுகிற ஆளா? “இன்னா மேடம், எல்லா மெசினுக்கும் பொட்டு வைக்கிறோம். இது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?”

“அது அதோட மூக்கு, சுப்பிரமணி. நீ மூக்குல சந்தனத்த அடைச்சிக்கினு ஒரு ஷிப்ட் வேலை பாரு. அப்புறம் பேசலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் பின்னாலிருந்து ஒரு குரல், “சர்ச்சுக்குப் போறவங்களுக்கு நம்ம பூஜை இன்னா தெரியும்?” என்றது. அது அவர் காதில் விழுந்தது. மீட்டர் பக்கம் பூஜையே கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கலாம், அதிகாரம் இருந்தது. ஒட்டினால் என்ன ஆகும்? அவர் போன பிறகு கற்பூரம் மறுபடியும் கூண்டுக்குள் போகும். அன்றைக்குப் பார்த்துச் சிறு கசிவு இருந்தால், சுற்றி நிற்பவர்களின் கதி என்ன?

அடுத்த பூஜைக்கு அவரே வந்தார். கூண்டைப் பூட்டினார். சாவியை வாசலுக்குக் கொண்டுவந்து பூஜைத் தாம்பாளத்தில் வைத்தார்.

“மீட்டரால வர முடியாது. அதோட சாவி வந்திருக்கு. அதுக்குச் செய்யுற மரியாதைய எல்லாம் இதுக்குச் செய்ங்க.”

சுப்பிரமணிதான் அந்தச் சாவிக்குப் பொட்டு வைத்தார். கற்பூரம் வாசலில், கூண்டுக்கு வெகுதூரத்தில் எரிந்தது. சாராள் கடைசிவரை நின்று பொரிகடலை வாங்கிக்கொண்டுதான் போனார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் பூஜைக்கு முன்னால் தொழிற்சாலை தொழிற்சாலையாக ஏறி இறங்கி, பேசி, வாதாடி, இந்த வழக்கத்தைப் பேட்டை முழுவதும் கொண்டுவந்தார். இங்கே எந்த மீட்டர் கூண்டுக்குள்ளும் இப்போது யாரும் நெருப்புக் காட்டுவதில்லை. இது யாருடைய உழைப்பு?

இந்த ஆண்டு பூஜை நெருங்குகிறது. அவர் இல்லை. புதிதாகத் தொடங்கிய தொழிற்சாலைகளுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவர்களிடம் யார் போய்ச் சொல்வது? கல்லறையிலிருந்து திரும்பிய நாள் முதல் எனக்கு இதே கவலை.

நேற்று சுப்பிரமணி என் அறைக்கு வந்தார். “அம்மா, இந்த வாட்டி நான் போறேன். எல்லா கம்பெனிக்கும்.”

“நீங்கள் சொன்னால் கேட்பார்களா?”

“நானே கேட்டேனேம்மா. என்னைவிட அடம் புடிக்கிறவன் இந்தப் பேட்டைல எவன் இருக்கான்?”

சரி என்றேன். அவரோடு நானும் போகிறேன். திரு. ஆசீர்வாதம் அவர்களே, உங்கள் மனைவியின் வேலை நிற்காது. முதலாளிகளே, நாங்கள் வரும்போது எங்களை வாசலில் காக்க வைக்காதீர்கள். உங்கள் மீட்டர் கூண்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே விசாரித்து வையுங்கள்.