காரணம் சொல்லாத உத்தரவு

காலை ஆறு பத்து. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் முதல் குண்டு கோதுமை வயலில் விழுகிறது. சீழ்க்கை போன்ற ஒலி. பிறகு தரையில் அதிர்வு. நான் சற்றுத் தொலைவில், ஜீப்பின் அருகே நிற்கிறேன். சின்னராசுவும் வெள்ளையனும் ரிக் வண்டியின் மேடையில். ஆழ்துளைக்குள் இன்னும் ஒன்பது துளையிடும் ராடுகள்.

"உட்டுட்டு ஓடியாங்க சாமி!"

நான் கத்துகிறேன். கம்ப்ரசர் இரைகிறது. அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆறு பதினொன்று. இரண்டாவது குண்டு.

நான் நிலவியல் பட்டதாரி. கொல்லிமலை, ஆலத்தூர் நாடு. முப்பதாண்டுகள் ரிக் வண்டிகளுடன் வடமாநிலங்களுக்குச் சென்று நீரோட்டம் குறித்துக் கொடுத்தவன். அவ்விருவரும் அதே மலையின் குண்டனி நாட்டார். என் சொல்லை நம்பி எல்லையோரக் கிராமத்துக்கு வந்தவர்கள்.

அன்று நான்கரை மணிக்கு ஒருவர் என்னை எழுப்பினார். மின்வாரிய ஊழியர் என்று சொல்லி எங்களுடன் தேநீர் அருந்தி வந்தவர். உண்மையில் உளவுத் துறையைச் சேர்ந்தவர். ஆறு மணிக்கு மேல் ஊர்மீது குண்டு விழும், அதற்குள் கிளம்பிவிடுங்கள் என்றார். காரணத்தை எவரிடமும் சொல்லக் கூடாது. கசிந்தால், எல்லைக்கு அப்பாலிருந்து தகவல் தந்தவன் பிழைக்க மாட்டான். வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குத் தவறியதாக எவரும் சொன்னதில்லை.

"ராடு கெடக்கட்டும். உடனே கிளம்பணும்" என்று மட்டும் அவர்களிடம் சொன்னேன்.

"ஏனுங்கய்யா, சப்பாத்தி சலிச்சுப் போச்சுங்களா?" வெள்ளையன் சிரித்தான்.

சின்னராசு சிரிக்கவில்லை. "ராட உள்ள உட்டுட்டு வண்டியெடுத்தா என்னைய டிரில்லருன்னு எவனுங்க மதிப்பான்?"

முப்பது ராடுகள். ஒவ்வொன்றாக மேலேற்றி, கழற்றி, அடுக்க வேண்டும். ஒன்றுக்கு நான்கைந்து நிமிடம். நேரம் போதாதென்று எனக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் ஓடியிருப்பார்கள். சொல்லவில்லை.

ஆறு பன்னிரண்டு. மூன்றாவது குண்டு மேடையின் மீது விழுந்தது.

உளவுத் துறையால் நாட்டுக்கு நன்மை அதிகமா, தீமை அதிகமா என்று கேட்பவர்கள் உண்டு. தகவல் சரியாகவே இருந்தது. அதனால் நான் இருக்கிறேன். ஆனால் அந்த ஊரார் எவருக்கும் அது சொல்லப்படவில்லை. அப்பால் இருந்தவன் பிழைத்தானா? விசாரித்தேன். பதிலில்லை. வராது. அந்தத் துறை காத்த உயிர்களை அதன் ஆட்கள் காட்ட மாட்டார்கள். போன உயிர்களை நான் பார்த்தேன். எடை போட என்னிடம் ஒரு தட்டு மட்டுமே இருக்கிறது. அதில் வைத்துச் சொல்கிறேன்: தீமை.

இரண்டு சவப்பெட்டிகள் எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மலைக்கு வந்தன. சின்னராசுவின் தந்தை பெரியண்ணன் ஊரார் முன்னிலையில் கேட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கு முன்னாடியே ஏதாச்சும் தெரியுமுங்களா?"

"இல்லீங்க."

அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் அவர்களுடன் இருந்ததற்காக.

இப்போது எழுதுகிறேன். தெரியும்.

இழந்தவை: ரிக் வண்டி ஒன்று. அந்த ஊரின் வீடுகள் நான்கு. சின்னராசு, வயது முப்பத்தொன்று. வெள்ளையன், இருபத்தாறு. ஊர்க்காரர்கள் ஐவர். அவர்களுடைய பெயர்களை நான் கேட்டுக்கொள்ளவில்லை.